இடது ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி சைக்கிள் ஓட்டலாம்?

கேள்வி: வேளச்சேரி சைக்கிள்காரன்
வணக்கம். ஆறு மாதங்களாக வேளச்சேரியிலிருந்து தரமணி வழியாகப் பெருங்குடியில் உள்ள அலுவலகத்துக்குச் சைக்கிளில் சென்று வருகிறேன். சென்ற வாரம் விஜயநகர் பேருந்து நிலையத்தைத் தாண்டியதும், ஓரத்தில் குவிந்திருந்த மணலையும், சாலை மட்டத்துக்குக் கீழே இறங்கிக் கிடந்த வடிகால் மூடியையும் தவிர்ப்பதற்காக மூன்றடி தள்ளி ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த கார் விடாமல் ஹாரன் அடித்தது. பிறகு என் கைப்பிடியை உரசுகிற நெருக்கத்தில் முந்திய அந்த ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, "ஓரமா போகத் தெரியாதா?" என்று கத்திவிட்டுப் போனார். நான் தடுமாறிக் காலை ஊன்றி நின்றுவிட்டேன். கை நடுக்கம் அடங்கவே சிறிது நேரம் ஆயிற்று. உண்மையில் எவ்வளவு ஓரமாகத்தான் போக வேண்டும்?

பதில்: ஓய்வுபெற்ற ஓட்டுநர்
தம்பி, நான் பல ஆண்டுகள் மாநகரப் பேருந்து ஓட்டியவன். எங்கள் இருக்கை வலப்பக்கம் இருப்பதால், பேருந்தின் இடது முன்சக்கரத்தை ஒட்டி வருகிற சைக்கிள் பல நேரங்களில் கண்ணில் படுவதே இல்லை. நிறுத்தத்தில் ஒதுங்குவதற்காக நாங்கள் இடப்பக்கம் ஒடிக்கும் நேரத்தில்தான், பேருந்துக்கும் நடைபாதைக்கும் நடுவே உள்ள சந்தில் ஒருவர் நுழைவார். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்; பேருந்து நிற்கும்வரை பின்னாலேயே காத்திருங்கள். நீங்கள் சொல்லும் மணலும் மூடியும் எங்கள் உயரத்திலிருந்து தெரியாது. காரணமில்லாமல் வெட்டித் திரும்புகிறார்கள் என்றே நானும் வெகுகாலம் நினைத்துக் கோபப்பட்டிருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு நானே சைக்கிளில் கடைக்குப் போகத் தொடங்கியபோதுதான் அந்த ஓரம் என்ன நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

பதில்: காலைப் பயணி
உங்கள் மூன்றடி சரியானதே. பிரிட்டனில் 2022 ஜனவரி 29 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட சாலை விதிநூல், நெரிசலான சாலையில் ஓரத்திலிருந்து குறைந்தது அரை மீட்டரும், நின்றிருக்கும் கார்களிலிருந்து ஒரு கதவின் அகலம் அல்லது ஒரு மீட்டரும் தள்ளி ஓட்டச் சொல்கிறது. மணிக்கு 30 மைல் வேகம் வரை சைக்கிளை முந்தும் வாகனம் குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்கிறது. அது நம் நாட்டுச் சட்டம் அன்று. ஆனால் திடீரெனத் திறக்கும் கார் கதவு எந்த ஊரிலும் ஒன்றுதான். நான் ஒருமுறை அப்படி விழுந்து மணிக்கட்டில் மாவுக்கட்டுடன் ஆறு வாரம் இருந்தேன். ஓரத்தை ஒட்டிப் போய் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வெளியே வந்து உள்ளே போவதுதான் ஆபத்து. ஒரே கோட்டில் ஓட்டுங்கள். விலக வேண்டியிருந்தால் திரும்பிப் பார்த்து, கையை நீட்டிக் காட்டிய பிறகு விலகுங்கள்.

பதில்: தினமும் கார் ஓட்டுபவர்
அந்த ஓட்டுநர் செய்தது தவறு. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இரவில் விளக்கோ பிரதிபலிப்பானோ இல்லாமல் எதிர்த்திசையில் வருகிற சைக்கிள்களைப் பற்றியும் பேச வேண்டும். நான் 60 கிலோமீட்டர் வேகத்திலும் எதிரே சைக்கிள் 15 கிலோமீட்டர் வேகத்திலும் வந்தால், எங்கள் இருவருக்கும் இடையிலான தூரம் நொடிக்கு 20 மீட்டருக்கு மேல் குறைகிறது. எனக்கு யோசிக்க நேரமே இருப்பதில்லை. இன்னொருவர் உயிர் என் கையால் போய்விடுமோ என்ற பயம் ஓட்டுநர்களுக்கும் உண்டு என்பதைச் சைக்கிளில் வருபவர்கள் நம்ப வேண்டும்.

பதில்: சட்டம் பயின்றவர்
சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனம் மோதிக் காயமடையும் சைக்கிள் ஓட்டுநர் மூன்றாம் தரப்பினர் என்ற முறையில் இழப்பீடு கோரலாம். மோதிய வண்டி நிற்காமல் போய், எதுவென்றே தெரியாவிட்டாலும், 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள திட்டத்தின்படி உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் உண்டு.

கேள்வி கேட்டவர்
அனைவருக்கும் நன்றி. பின்பக்கச் சிவப்பு விளக்கை இன்றே வாங்கிவிட்டேன். ஐயா சொன்னபடி இன்று காலை பேருந்துக்குப் பின்னாலேயே நின்றேன். அரை நிமிடம்கூடத் தாமதமாகவில்லை. அந்த மணல் குவியலையும் வடிகால் மூடியையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். அதே வழியில் செல்பவர்களும் புகார் அளித்தால் விரைவில் சரிசெய்வார்கள் என்று நம்புகிறேன்.