படகு ஓடாத நாளுக்கும் புக்கிங் விழுகிறது, சிவப்பு போட்டால் போதாதா?

நிலாவெளிப் படகு:
வணக்கம். நிலாவெளியில் இருந்து புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் சின்னப் படகு ஒன்று வைத்திருக்கிறோம். மே தொடங்கினால் செப்டம்பர் வரை ஓட்டம்தான். இந்த முறை கொப்பியை விட்டுவிட்டு, கூகுள் காலண்டரில் புக்கிங் பக்கம் ஒன்று செய்து லிங்கை விடுதிக்காரருக்குக் கொடுத்திருக்கிறோம். பயணங்கள் பச்சை. எஞ்சின் வேலைக்குத் தனிக் காலண்டர், அதற்குச் சிவப்பு. வருகிற புதன் முழுநாளும் சிவப்பாகக் கிடக்கிறது. ஆனால் அன்று காலை 8 மணிக்கு ஒரு குடும்பம் புக் பண்ணியிருக்கிறது. எங்கே பிசகு?

உப்புவெளி அக்கா:
தம்பி, நிறம் உங்கள் கண்ணுக்கு மட்டும்தான். புக்கிங் பக்கம் அதைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு நிகழ்வுக்குள்ளும் பிஸி, ஃப்ரீ என்று ஒரு தெரிவு இருக்கும், அதைத்தான் பார்க்கும். முழுநாள் நிகழ்வாகப் போட்டால் அது தானாகவே ஃப்ரீ ஆகிவிடும். பிறந்தநாள், விரதம் மாதிரி விஷயங்களை அப்படித்தானே குறித்து வைக்கிறோம், அதற்காக வேலை நிற்காது.

புதன்கிழமை நிகழ்வைத் திறந்து எடிட் கொடுங்கள். போனில் என்றால் கொஞ்சம் கீழே இறக்கிப் பாருங்கள், ஃப்ரீயை பிஸி ஆக்கிச் சேமியுங்கள். வந்துவிட்ட புக்கிங் இதனால் ரத்தாகாது. அந்தக் குடும்பத்துக்கு நீங்கள்தான் கோல் எடுத்துச் சொல்ல வேண்டும்.

நிலாவெளிப் படகு:
ஓம் அக்கா, ஃப்ரீ என்றுதான் இருந்தது. பிஸி ஆக்கிவிட்டேன். ஆனால் லிங்கைத் திறந்தால் புதன்கிழமை இன்னமும் திறந்தே கிடக்கிறது!

கொட்டியாரத்தான்:
சிவப்பு தனிக் காலண்டர் என்றீர்களே, அங்கேதான் இருக்கிறது சிக்கல். புக்கிங் பக்கம் பொதுவாக உங்கள் பிரதான காலண்டரைத்தான் பார்த்து இடம் இருக்கிறதா என்று முடிவு செய்யும். அதன் அமைப்புக்குள் போனால் எந்தெந்தக் காலண்டரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பகுதி வரும். எஞ்சின் காலண்டரை அங்கே சேர்க்க முடிந்தால் சேருங்கள். அந்தத் தெரிவு கிடைக்கவில்லை என்றால் நிகழ்வையே பிரதான காலண்டருக்கு மாற்றுங்கள், பிஸி என்பதை மறக்காமல். பிறகு மறைநிலை ஜன்னலில் லிங்கைத் திறந்து, வாடிக்கையாளர் கண்ணால் ஒருமுறை பாருங்கள்.

இன்னொன்று. இலங்கை விடுமுறைக் காலண்டரைச் சேர்த்திருந்தால் போயா (பௌர்ணமி விடுமுறை) நாள் எல்லாம் வடிவாகத் தெரியும். ஆனால் அது எந்த நாளையும் அடைக்காது. உங்களுக்கு அது நல்லதுதான், போயாவுக்குத்தானே கூட்டம் அள்ளும்.

நிலாவெளிப் படகு:
பிரதான காலண்டருக்கு மாற்றினேன், புதன் மூடிவிட்டது அண்ணை. பெரிய உதவி. அப்புறம் ஒரு சின்ன சந்தேகம். எஞ்சின் காலண்டர் என் போனில் சிவப்பு, தம்பியின் போனில் நீலம். அவன் ஏதும் மாற்றினானா?

உப்புவெளி அக்கா:
இல்லை. பகிர்ந்த காலண்டருக்கு அவரவர் தங்கள் பக்கத்தில் வைக்கும் நிறம் அவரவருக்கு மட்டும்தான். "சிவப்பைப் பார்" என்று உங்கள் தம்பிக்குச் சொல்லி வேலையில்லை. தலைப்பிலேயே "எஞ்சின் வேலை, படகு இல்லை" என்று எழுதிப் போடுங்கள்.

கச்சேரிப் பக்கம்:
எங்கள் அலுவலகத்தில் மைக்ரோசாஃப்ட்டின் அவுட்லுக் காலண்டர். அதிலும் கேட்டகரி நிறம் ஒரு பக்கம், பிஸியா ஃப்ரீயா என்று காட்டும் 'ஷோ அஸ்' (Show As) தெரிவு இன்னொரு பக்கம். ஃப்ரீ, பிஸி போக, இன்னும் உறுதியாகாததற்கு டென்டேட்டிவ், வெளியே போனால் அவுட் ஆஃப் ஆபிஸ் என்றெல்லாம் இருக்கும். கூட்ட அழைப்புக்கு நாம் பதில் சொல்லும்வரை அது டென்டேட்டிவாகவே நிற்கும். முழுநாள் நிகழ்வு இங்கேயும் ஃப்ரீ என்றுதான் விழும். லீவு போடுகிறவர்கள் கவனம்.