டூரண்டின் இரண்டு கோப்பைகளை முழுக் கோப்பைகளாக எண்ணலாமா?

தொண்டிக்காரன்:
அமெரிக்காவின் என்.பி.ஏ. தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியில் ஆடும் கெவின் டூரண்ட் 2025-ல் ஹூஸ்டன் அணிக்கு மாறியதிலிருந்து, அவரைக் கூடைப்பந்து வரலாற்றின் முதல் பத்துப் பேரில் வைத்தே தீர வேண்டும் என்று இங்கே சிலர் நிற்கிறார்கள். நான் ஒப்ப மாட்டேன். 2016-ல் மேற்குப் பிரிவு இறுதித் தொடரில் அவருடைய ஓக்லஹோமா சிட்டி, கோல்டன் ஸ்டேட்டை, நான்கு வெற்றி போதும் என்ற தொடரில், 3-1 என்று மடக்கி வைத்திருந்தது. ஆறாவது ஆட்டம் சொந்த மைதானத்தில். டூரண்ட் 31 முறை எறிந்தார், 10 முறைதான் உள்ளே விழுந்தது. எதிரணியின் கிளே தாம்சன் 11 மூன்று புள்ளி வீச்சுகளைப் போட்டார். தொடர் கைநழுவிப் போயிற்று. தோல்வி யாருக்கும் வரும். ஆனால் ஜூலை 4 அன்று, தன்னை வீழ்த்திய அதே அணியில், அந்தப் பருவத்தில் 73 ஆட்டங்களை வென்று சாதனை படைத்த அணியில், போய்ச் சேர்ந்தாரே! டல்லாஸ் அணியின் டிர்க் நோவிட்ஸ்கியைப் பாருங்கள். 2006 இறுதியில் மயாமியிடம் தோற்றார். மறு ஆண்டு 67 வெற்றிகளுடன் வந்து முதல் சுற்றிலேயே வெளியேறினார். ஆனாலும் டல்லாஸை விட்டு நகரவில்லை. 2011-ல் லெப்ரான், வேட், போஷ் என்ற மூன்று நட்சத்திரங்களும் சேர்ந்திருந்த மயாமியையே வென்றார். 21 பருவங்கள், ஒரே அணி.

கீழக்கரை 35:
அண்ணே, 2007-ல் டூரண்டைத் தேர்ந்தெடுத்தது சியாட்டில். அடுத்த ஆண்டே முதலாளிகள் அணியை மூட்டை கட்டி ஓக்லஹோமாவுக்குக் கொண்டு போனார்கள். 2012-ல் சம்பளப் பேச்சு முறிந்ததும் ஜேம்ஸ் ஹார்டனை வேறு அணிக்குத் தள்ளிவிட்டார்கள். நிர்வாகம் செய்தால் வியாபாரம், ஒப்பந்தம் முடிந்த வீரர் செய்தால் துரோகமா? மண்டபம் கடற்கரையில் ஒரு படகு டிரைவர் கணக்குத் தீர்த்துவிட்டு வேறு விசைப்படகில் ஏறினால் யார் ஏசுகிறார்கள்? அங்கே போய் அவர் சும்மாவும் இருக்கவில்லை. 2017 இறுதித் தொடரில் ஆட்டத்துக்குச் சராசரி 35 புள்ளிகள். 2017, 2018 இரண்டு ஆண்டும் அணி கோப்பையை வென்றது, இரண்டு ஆண்டும் இறுதித் தொடரின் சிறந்த வீரர் அவர்தான்.

தொண்டிக்காரன்:
ஏச மாட்டார்கள் தம்பி, சரி. ஆனால் முன்பே கரையில் அதிக மீன்பாடு கொண்டுவந்துகொண்டிருந்த படகில் ஏறியவரை, கரையிலேயே முதல் டிரைவர் என்றும் சொல்ல மாட்டார்கள். கோல்டன் ஸ்டேட் அவர் வருமுன் 2015-ல் வென்றது, அவர் போன பின் 2022-லும் வென்றது. அவரோ புரூக்ளினில் ஒரே ஒரு தொடரை வென்றார், ஃபீனிக்ஸிலும் ஒன்றுதான். 2025-ல் ஃபீனிக்ஸ், கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்கே வரவில்லை.

ஏர்வாடிப் பயிற்சியாளர்:
இருவரும் கோப்பைக் கணக்கிலேயே நிற்கிறீர்கள். நான் மாலை வேளைகளில் பையன்களுக்கு ஆட்டம் சொல்லித் தருகிறவன். எங்கள் தளம் சிமெண்ட், உப்புக்காற்றில் வளையம் துருவேறிக் கிடக்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தளத்தின் ஓரங்களில் மணல் படிந்துவிடும். பெருக்காமல் ஆடினால் கால் வழுக்கும், கணுக்காலும் முழங்காலும் போகும். அதனால் நான் முதலில் பார்ப்பது வீரரின் காலைத்தான்.

2019 ஜூன் 10, டொராண்டோவில் இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டம். கெண்டைக்கால் காயத்தால் ஒரு மாதம் வெளியே இருந்த டூரண்ட் இறங்கினார். 12 நிமிடம் ஆடி 11 புள்ளிகள் எடுத்தார். பிறகு வலக்காலின் குதிகால் தசைநார் அறுந்தது. தன் அணி தோற்றால் கோப்பை போய்விடும் என்ற நிலையில் இறங்கியவரை விசுவாசம் இல்லாதவர் என்பதா? அவர் ஓக்லஹோமாவிலும் கோல்டன் ஸ்டேட்டிலும் அணிந்த 35-ஆம் எண், 35 வயதில் சுட்டுக் கொல்லப்பட்ட தன் சிறுவயதுப் பயிற்சியாளர் சார்லஸ் கிரெய்க்கின் நினைவுக்காக. மனிதர்களை மறக்காதவர் அவர்.

அந்தத் தசைநார் அறுந்தால் எம்பும் விசையே குறையும். 2013-ல் கோபி பிரையன்ட்டுக்கு அறுந்தது, பழைய ஆட்டம் திரும்பவே இல்லை. டூரண்ட் 2020 டிசம்பரில் புரூக்ளின் அணிக்காகத் திரும்பிவந்து அந்தப் பருவத்தில் சராசரி 26.9 புள்ளிகள் எடுத்தார். மில்வாக்கியுடன் ஏழாவது ஆட்டம், நமக்கு 2021 ஜூன் 20, ஞாயிறு காலை. ஒரு நொடி மிச்சமிருக்க, உடலைத் திருப்பி எறிந்தார், பந்து விழுந்தது. ஆனால் காலணியின் நுனி மூன்று புள்ளிக் கோட்டின் மேல் இருந்தது. மூன்று இரண்டாயிற்று, ஆட்டம் சமனாயிற்று. விரற்கடை பின்னால் நின்றிருந்தால் புரூக்ளின் அடுத்த சுற்றில். என் கணக்கில் அந்த ஆட்டம் அவருடைய இரண்டு கோப்பைகளையும்விடப் பெரியது.

தொண்டிக்காரன்:
கதையை முழுதாகச் சொல்லுங்கள் ஐயா. கூடுதல் நேரம் ஐந்து நிமிடத்தில் புரூக்ளின் எடுத்தது இரண்டே புள்ளி. அதுவும் டூரண்ட் எடுத்ததில்லை. அவருடைய கடைசி வீச்சு வளையத்தைத் தொடவே இல்லை. முடிவு 115-111.

ஏர்வாடிப் பயிற்சியாளர்:
ஏன் தொடவில்லை? அணித்தோழர் கைரி இர்விங் கணுக்கால் காயத்தில் வெளியே. அப்போது புரூக்ளினில் இருந்த ஹார்டன் தொடைத் தசை காயத்தோடு நொண்டிக்கொண்டு ஆடினார். டூரண்ட் ஒரு நிமிடமும் உட்காரவில்லை, 53 நிமிடமும் ஆடி 48 புள்ளிகள். குதிகால் தசைநார் அறுந்து இரண்டே ஆண்டு ஆன கால்கள் அவை. கடைசி வீச்சில் பந்தை உயர்த்தத் தேவையான விசை கால்களில் இல்லை என்பது அவர் எம்பியதிலேயே தெரிந்தது.

கீழக்கரை 35:
அதோடு ஒலிம்பிக்கையும் சேருங்கள். ஆடவர் கூடைப்பந்தில் நான்கு தங்கம் வென்ற முதல் வீரர்.

தொண்டிக்காரன்:
அமெரிக்க அணியில் ஆடி வென்ற தங்கத்தை நான் எடைக்கு எடுக்க மாட்டேன். காயத்திலிருந்து மீண்ட வீரர்களுக்கு ஒரு பட்டியல் போடுங்கள், முதல் இடம் டூரண்டுக்கே கொடுக்கிறேன். நாம் பேசுவது வரலாற்றின் முதல் பத்து. அதில் டிர்க்கின் 2011-க்கு மேலே இவருடைய 2017-ஐ வைக்கச் சொன்னால், என் பதில் முடியாது என்பதுதான்.