காக்னிட்டிவ் ரேடியோ: அறிவா, ஓர்மையா?

அண்ணாச்சி, நம் கலைச்சொல் பட்டியலில் காக்னிட்டிவ் ரேடியோவுக்கு ‘அறிவார்ந்த வானொலி’ வேண்டாம். வானொலி என்றால் பாட்டுப் பெட்டி; ‘அறிவார்ந்த’ இப்போது மிக்சிக்கும் ஒட்டும் சொல். 1999இல் மிட்டோலா, மகுவயர் என்ற ஆய்வாளர்கள் கட்டுரையில் எழுதிய இந்தக் கம்பியில்லாக் கருவி சூழலைக் கவனிக்கும், முடிவெடுக்கும், காலியான அலைத்தடத்துக்கு மாறும், கற்றதை மறக்காது. ‘ஓர்ம இருக்கா மக்கா?’ என்று நம் ஊரில் கேட்பது நினைவைத்தான். ஓர்தல் என்றால் ஆராய்ந்தறிதல். இரண்டும் இதில் உண்டு. ஆகவே ‘ஓர்மை அலைக்கருவி’. ‘மை’யை விட்டுவிடக் கூடாது: ஓர் + அலை ‘ஓரலை’ ஆகி, அலை மாறும் கருவிக்கு ஒற்றை அலை என்று பொருள் வந்துவிடும்.

தடத்தில் உரியவரின் அலை இருக்கிறதா என்று கருவி கேட்டறிவதுதான் ஸ்பெக்ட்ரம் சென்சிங். அதற்கு ‘உணர்தல்’ போதாது. 6 மெகாஹெர்ட்ஸ் தடத்தில் வெப்ப இரைச்சலே ஏறத்தாழ −106 டிபிஎம் (அலை வலிமையின் அலகு). டிவிக்கு ஒதுக்கிய தடங்கள் காலியாக இருக்கும்போது பயன்படுத்தும் கருவிகளுக்கான ஐஇஇஇ 802.22 தரத்துக்கு வகுத்த தேவையோ −116 டிபிஎம் அளவில் வரும் டிஜிட்டல் டிவி அலையை 2 நொடிக்குள் கண்டுபிடிக்கச் சொன்னது. அதாவது இரைச்சலுக்கு 10 டெசிபல் கீழே. தடத்தில் வரும் மொத்த ஆற்றலைக் கூட்டிப் பார்ப்பது இங்கே உதவாது. இரைச்சல் மதிப்பீடு 1 டெசிபல் பிசகினாலே, இரைச்சலுக்குச் சுமார் 3.3 டெசிபலுக்குக் கீழ் எவ்வளவு நேரம் கேட்டாலும் விடை வராது. டிவி அலையோடு வரும் பைலட் என்ற அடையாளக் குறியையோ, திரும்பத் திரும்ப வரும் அமைப்பையோ தேட வேண்டும். ‘தேர்தல்’ பொருந்தும், ஆனால் ஓட்டுப்பெட்டிதான் ஞாபகம் வரும். ‘அலையோர்வு’ என்கிறேன்.

அலை வந்தும் தடுப்பால் கருவிக்கு எட்டாமல் போகும் நிலையம்தான் ஹிட்டன் நோடு. அதற்கு ‘மலைமறைவு’. வேளிமலை அடிவாரத்துப் பள்ளத்தில் கருவி இருந்தால் டிவி கோபுரம் அதன் காதில் விழாது. தடம் காலி என்று நினைத்து அது தன் அலையை அனுப்பும். மேட்டு வீட்டு ஆன்டெனாவில் இரண்டும் மோதும், படம் உடையும். பல கருவிகளின் முடிவைச் சேர்க்கலாம், அல்லது இருப்பிடத்தைச் சொல்லி, அங்கே எந்தத் தடம் காலி என்று தரவுத்தளத்தில் கேட்கலாம். அமெரிக்கா 2010இல் தரவுத்தளம் பார்க்கும் கருவிகளுக்கு அலையோர்வுக் கட்டாயத்தை நீக்கியது.

உரியவர் இல்லாத நேரத்தில் தடத்தைப் பயன்படுத்தும் செகண்டரி யூசர் ‘இரவல் பயனர்’. உரியவர் வந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது சொல்லிலேயே இருக்கிறது.

—

தம்பி, ‘இரவல்’ அருமை, அப்படியே ஏற்கலாம். ‘ஓர்மை’யை ஒற்றுமை என்று படிப்பவர்களும் உண்டு, பொருள்விளக்கம் ஒரு வரி சேர்த்துவிடும். ‘மலைமறைவு’ மட்டும் ஒத்துவராது. மார்த்தாண்டத்தில் நாலு மாடிக் கட்டடமே அலையை மறைத்துவிடும், அங்கே மலை எங்கே? தடுப்பது எது என்பதைச் சொல்லில் ஏற்ற வேண்டாம். ‘மறைநிலையம்’ போடும்.