8-7, 40-15: ஃபெடரரின் கை நடுங்கியதா, ஜோகோவிச் பறித்துக்கொண்டாரா?

மாலைநேர ரசிகன் (கேள்வி)

நண்பர்களுக்கு வணக்கம். 2019 ஜூலை 14 அன்று நடந்த விம்பிள்டன் ஆடவர் இறுதியாட்டத்தின் ஐந்தாவது செட்டை நேற்று இரவு மறுபடியும் முழுமையாகப் பார்த்தேன். முடிவு தெரிந்த ஆட்டம்தான். ஆனாலும் 8-7 என்ற முன்னிலையோடு சர்வ் செய்ய வந்த ஃபெடரர், அடுத்தடுத்து இரண்டு ஏஸ் (எதிராளி தொடவே முடியாத சர்வ்) அடித்து, இன்னும் ஒரே பாயிண்ட் எடுத்தால் பட்டம் என்ற 40-15 நிலையை எட்டியபோது, இந்த முறையாவது வென்றுவிட மாட்டாரா என்று மனம் ஏங்கியது. முதல் சாம்பியன்ஷிப் பாயிண்டில் அவருடைய ஃபோர்ஹேண்ட் பக்கக்கோட்டைத் தாண்டிப் போனது. இரண்டாவதில் வலையை நோக்கி ஏறி வந்தவரைக் கடந்து ஜோகோவிச்சின் ஃபோர்ஹேண்ட் குறுக்காகப் பாய்ந்தது. சற்று நேரத்தில் 8-8. பிறகு 12-12 வரை இழுத்து, அந்த ஆண்டுதான் நடைமுறைக்கு வந்திருந்த விதிப்படி டைபிரேக் (சமநிலையில் நிற்கும் செட்டை முடிவுசெய்யும் கூடுதல் கேம்). 4 மணி 57 நிமிடங்களுக்குப் பிறகு கோப்பை ஜோகோவிச்சின் கையில்.

என் ஐயம் இதுதான். அதற்குள் 20 கிராண்ட் ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகள்) பட்டங்களை, அவற்றில் எட்டை அதே மைதானத்தில், வென்றிருந்தவர் அவர். அடுத்த மாதம் 38 வயதை எட்டவிருந்தார். அந்த இரண்டு பந்துகளில் அவருக்கு நேர்ந்தது பதற்றமா, களைப்பா? அனுபவம் கூடக்கூட அழுத்தம் குறையத்தானே வேண்டும்? குறையாது என்றால், முப்பத்தைந்தைக் கடந்தும் பெரிய போட்டிகளில் நிலைத்து நிற்பவர்களுக்கு எதுதான் கைகொடுக்கிறது?

பேக்ஹேண்ட் பிரியன்

பதற்றம் என்ற சொல்லை நாம் தோற்றவர்கள் மீது மட்டும் சுமத்திப் பழகிவிட்டோம். அந்த ஆட்டத்தில் ஃபெடரர் வென்ற பாயிண்டுகள் 218, ஜோகோவிச் வென்றவை 204. ஏஸ்களிலும் வின்னர்களிலும் (எதிராளியால் திருப்ப முடியாத அடிகள்) ஃபெடரரே மேலே. மொத்தத்தில் கூடுதலாக 14 பாயிண்டுகள் எடுத்தவர் தோற்கிறார் என்றால், அது டென்னிஸின் எண்ணும் முறையால் வருகிற கொடுமை. 2024இல் டார்ட்மவுத் கல்லூரியின் பட்டமளிப்பு விழாவில் அவரே இந்த உண்மையைச் சொன்னார்: 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறக்குறைய 80 சதவீதத்தை வென்ற தாம், பாயிண்டுகளில் வென்றது 54 சதவீதம் மட்டுமே என்று.

40-15 என்பதைக் கையில் விழுந்த கனியாக நாம் பார்க்கிறோம். ஜோகோவிச்சைப் போல ரிட்டர்ன் செய்பவருக்கு எதிரே, சர்வ் செய்பவர் நூற்றுக்கு அறுபது பாயிண்டுகள் எடுப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அடுத்த இரண்டையும் இழந்து டியூஸுக்கு (40-40 சமநிலை) வருவது ஏறக்குறைய ஆறு முறைக்கு ஒரு முறை நிகழக்கூடியதே.

உண்மையான தடுமாற்றம் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால் 1993 விம்பிள்டன் மகளிர் இறுதியாட்டத்தைப் பாருங்கள். மூன்றாவது செட்டில் ஸ்டெஃபி கிராஃபை 4-1 என்று முந்தியிருந்த யானா நோவோட்னா, 5-1 ஆவதற்கு ஒரே ஒரு பாயிண்ட் தேவைப்பட்டபோது டபுள் ஃபால்ட் (சர்வின் இரண்டு வாய்ப்புகளும் தவறுவது) செய்தார். அதன்பின் அவருக்கு ஒரு கேம்கூடக் கிடைக்கவில்லை. பரிசளிப்பின்போது கென்ட் சீமாட்டியின் தோளில் சாய்ந்து அழுதார். ஐந்தாண்டுகள் கழித்து 1998இல் அதே புல்தரையில் பட்டம் வென்றார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஃபெடரரோ அந்த கேமை இழந்த பிறகும் இன்னும் எட்டு கேம்கள் சரிக்குச் சரியாக நின்றார். மனம் உடைந்த மனிதர் அப்படி ஆடமாட்டார்.

புல்தரை

பேக்ஹேண்ட் பிரியன் அவர்களின் கணக்கு டியூஸோடு நின்றுவிடுகிறது. அதே அறுபது சதவீதத்தை வைத்து மேலே போனால், 40-15இலிருந்து அந்த கேமையே இழப்பது இருபது முறைக்கு ஒரு முறைதான் வரும். அது போகட்டும். அந்த ஆட்டத்தின் மூன்று டைபிரேக்குகளையும் ஜோகோவிச்சே எடுத்தார். முதல் செட், மூன்றாவது செட், ஐந்தாவது செட் என்று எங்கெல்லாம் ஒவ்வொரு பாயிண்டும் இரட்டிப்பாகக் கனத்ததோ, அங்கெல்லாம் அவரே வென்றார். கடைசிப் பந்து ஃபெடரரின் மட்டைச் சட்டத்தில் பட்டுத் தெறித்தது. கூடுதல் 14 பாயிண்டுகளும் 6-1 என்று முடிந்த இரண்டாவது செட்டைப் போன்ற, யாருக்கும் வியர்க்காத இடங்களில் சேர்ந்தவை என்பதே என் வாசிப்பு.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். 2010இலும் 2011இலும் அமெரிக்க ஓபன் அரையிறுதியில் இதே இருவரும் மோதினார்கள். இரண்டு முறையும் ஜோகோவிச் இரண்டு மேட்ச் பாயிண்டுகளைத் தாண்டி வந்து ஐந்து செட்டில் வென்றார். 2011இல் ஐந்தாவது செட்டில் 5-3, 40-15, சர்வ் ஃபெடரருடையது. அந்தப் பந்தை ஜோகோவிச் கண்ணை மூடிக்கொண்டு அடித்ததுபோல் குறுக்கே ஒரு ஃபோர்ஹேண்ட் ரிட்டர்னாக வீசிவிட்டு, கைகளை விரித்துக் கூட்டத்தைப் பார்த்து நின்றார். எட்டாண்டுகள் கழித்து, அதே எதிராளி, பலகையில் அதே எண். அனுபவம் அழுத்தத்தைக் குறைக்கும் என்கிறீர்கள். அந்த நிமிடத்தில் ஃபெடரருக்கு இருந்த அனுபவம் இதுதான்.

ஜோகோவிச்சும் விதிவிலக்கல்ல. 2021இல் மற்ற மூன்று கிராண்ட் ஸ்லாம் பட்டங்களையும் வென்று, ஒரே ஆண்டில் நான்கும் என்ற சாதனைக்கு ஓர் ஆட்டம் எஞ்சியிருந்த நிலையில், நியூயார்க்கில் மெத்வதேவிடம் 6-4, 6-4, 6-4 என்று தோற்றார். ஆட்டம் முடியும் முன்பே இருக்கையில் துண்டுக்குள் முகம் புதைத்து அழுதார். பிறகு 2023இல் பிரெஞ்சு ஓபன் வென்றபோது, ஆறு டைபிரேக்குகளில் 55 பாயிண்டுகள் ஆடி, தானாகச் செய்த தவறு ஒன்றுகூட இல்லை. இரண்டும் ஒரே மனிதர்தான்.

நுங்கம்பாக்கம் கேலரி

வயதைப் பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். 2008 ஜனவரியில் சென்னை ஓபன் அரையிறுதியில் நடாலும் கார்லோஸ் மோயாவும் ஆடியதைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். மூன்று செட்டும் டைபிரேக், ஏறக்குறைய நான்கு மணி நேரம். 21 வயது நடால் வென்றார்; மறுநாள் இறுதியாட்டத்தில் யூஷ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்றார். பந்துக்கு ஓட முயன்று பாதியில் நிற்கும் நடாலை அன்றுதான் பார்த்தேன். அந்த வயதிலேயே உடல் இப்படிக் கணக்குக் கேட்கும் என்றால், முப்பத்தைந்தில் எப்படிக் கேட்கும்?

ஆகவே நீண்ட நாள் நிற்பவர்கள் முதலில் செய்வது ஆட்டங்களைக் குறைப்பது. 2016இல் முழங்கால் தொல்லையால் விம்பிள்டனோடு அந்த ஆண்டை முடித்துக்கொண்ட ஃபெடரர், 2017 ஜனவரியில் 17ஆம் தரநிலையில் (போட்டியில் முன்னணி வீரர்களுக்குத் தரும் வரிசை எண்) வந்து ஆஸ்திரேலிய ஓபனை வென்றார். களிமண் தரைப் போட்டிகளை மொத்தமாக ஒதுக்கிவிட்டு, விம்பிள்டனை ஒரு செட்கூட இழக்காமல் எடுத்தார். கிராண்ட் ஸ்லாம்களில் 2001இலிருந்து தரநிலை பெறுவோர் எண்ணிக்கை 16இலிருந்து 32 ஆனதும் முன்னணி வீரர்களுக்குச் சாதகம். முதல் இரண்டு சுற்றுகளில் அவர்கள் ஒருவரையொருவர் சந்திக்க நேர்வதில்லை. இதைப் பலரும் கவனிப்பதில்லை.

ஆனால் ஓய்வும் அட்டவணையும் எண்ணிக்கையின் சுமையைக் குறைக்காது. 2017 ஆஸ்திரேலிய ஓபனைக் கருவுற்ற நிலையிலேயே வென்று 23 கிராண்ட் ஸ்லாம் பட்டங்களை எட்டிய செரீனா வில்லியம்ஸ், மகள் பிறந்த பின் 2018, 2019ஆம் ஆண்டுகளில் நான்கு கிராண்ட் ஸ்லாம் இறுதியாட்டங்களை எட்டினார். மார்கரெட் கோர்ட்டின் 24ஐத் தொட ஒன்று போதும். நான்கிலும் அவருக்கு ஒரு செட்கூடக் கிடைக்கவில்லை. இறுதி வரை வந்து சேர உடலும் திறமையும் இருந்தன. அந்த ஓர் எண்தான் ஒவ்வொரு முறையும் கூடவே களத்தில் இறங்கியது.

மாலைநேர ரசிகன்

மூவருக்கும் நன்றி. புல்தரை அவர்களே, 2011 ஆட்டத்தை நான் அடியோடு மறந்திருந்தேன். ஆனால் ஒரு திருத்தம் வேண்டும்: எதிராளி அதே ஆள், எண் அதே எண், உண்மைதான்; ஆனால் 2019இன் முதல் சாம்பியன்ஷிப் பாயிண்டில் ஜோகோவிச் வின்னர் எதுவும் அடிக்கவில்லை, பந்தைத் திருப்பித்தான் அனுப்பினார். வெளியே அடித்தவர் ஃபெடரர். நுங்கம்பாக்கம் நண்பர் சொல்வதும் சரியாகவே படுகிறது. 2025இல் ஜோகோவிச் நான்கு கிராண்ட் ஸ்லாம்களிலும் அரையிறுதி வரை வந்தார். மெல்போர்னில் காலில் தசை கிழிந்து முதல் செட்டோடு விலகினார், பாரிஸிலும் லண்டனிலும் சின்னரிடமும், நியூயார்க்கில் அல்கராஸிடமும் ஒரு செட்கூட எடுக்காமல் தோற்றார். அவரைப் பதற்றம் வென்றது என்று இந்த நான்கில் எதையும் பார்த்துச் சொல்ல முடியவில்லை. 2011 அரையிறுதியின் ஐந்தாவது செட்டை இன்று இரவு பார்த்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.