‘ஹாம்’ முதலில் குறித்தது ஊரையா, வீட்டையா?

ஏட்டுச்சுவடி:
இன்று ‘ஹோம்’ என வழங்கும் ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவம் ‘ஹாம்’. கல்லைக் குறித்த ‘ஸ்டான்’ எந்த ஒலிமாற்றத்தால் ‘ஸ்டோன்’ ஆனதோ, அதே மாற்றத்தால்தான் இதன் நெடிலும் திரிந்தது. அம்மாற்றம் எட்டாத ஸ்காட்லாந்தில் இன்றும் ‘ஹேம்’ என்கிறார்கள். இச்சொல் தொடக்கம் முதலே ஒருவர் தம் வீட்டின் மேல் கொண்ட உரிமையுணர்வைக் குறித்தது என்று மணிமாலை அவர்கள் எழுதியிருந்ததை என்னால் ஏற்க இயலவில்லை. இதன் முதற்பொருள் குடியிருப்பு, அதாவது ஊர். 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர், ஆங்கிலத்தின் உறவுமொழியான கோத்திய மொழியில் விவிலியத்தைப் பெயர்த்தபோது, சிற்றூரைக் குறிக்கும் ‘கோமே’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு, ‘ஹாம்’ சொல்லின் கோத்திய வடிவமான ‘ஹைம்ஸ்’ என்றே எழுதினார். வீட்டுக்கு அவரிடம் ‘ரஸ்ன்’, ‘கார்ட்ஸ்’ என்று வேறு சொற்கள் இருந்தன. பர்மிங்ஹாம் என்பது பியோர்மா என்பவரைச் சார்ந்தோரின் குடியிருப்பு. நாட்டிங்ஹாம், ஸ்னோட் என்பவரைச் சார்ந்தோரின் குடியிருப்பு. ஒரு கூட்டத்தார் முழுவதும் வாழ்ந்த இடத்தை வீடு என்று எப்படிச் சொல்வது?

மணிமாலை:
ஐயா, நீங்கள் காட்டிய வுல்ஃபிலாவையே நானும் சான்றுக்கு அழைக்கிறேன். கொரிந்தியருக்கு எழுதப்பட்ட இரண்டாம் திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில், உடலில் குடியிருக்கும்வரை ஆண்டவரை விட்டு அகன்றிருக்கிறோம் என்று பவுல் சொல்லுமிடத்தில், அகன்றிருப்பதற்கு ‘அஃப்ஹைமீஸ்’ என்றும், உடலை விட்டு நீங்கி ஆண்டவரிடம் குடிபுகுவதற்கு ‘அனஹைமீஸ்’ என்றும் இதே வேரிலிருந்து பிறந்த சொற்களை அவர் ஆள்கிறார். ஊர் என்ற பொருள் மட்டுமே இருந்திருந்தால், தனக்குரிய இடத்தில் இருத்தல், அதை விட்டுப் பிரிந்திருத்தல் என்னும் எதிர்வு இந்த வேரிலிருந்து எழுந்திருக்காது.

இதைவிட வலுவான சான்று இலக்கணத்தில் இருக்கிறது. ‘வீட்டுக்குப் போ’ என்பதற்கு ஆங்கிலத்தார் ‘கோ ஹோம்’ என்பார்கள். இடையில் முன்னிடைச் சொல் வராது. பழைய ஆங்கிலத்தில் ‘ஹாம்’ இப்படியே இரண்டாம் வேற்றுமையில் நின்று வினையடையாக வழங்கியது; ஸ்காண்டிநேவியரின் மொழியான பழைய நார்ஸிலும் பழைய ஜெர்மனிலும் ‘ஹைம்’ அவ்வாறே வழங்கியது. இத்தனை மொழிகள் பங்கிடும் வழக்கு பிற்காலத்து வரவாக இருப்பது அரிது. ‘ஹாம்சோக்ன்’ என்ற குற்றத்தையும் எண்ணிப் பாருங்கள். ஒருவரை அவர் வீடு தேடிச் சென்று தாக்கும் இக்குற்றத்தை 10ஆம் நூற்றாண்டில் எட்மண்ட் மன்னரின் சட்டம் பேசுகிறது. 11ஆம் நூற்றாண்டில் க்னூட் மன்னரின் சட்டம் அதை அரசருக்கே உரிய வழக்குகளில் ஒன்றாக வைக்கிறது. ஊர் புகுந்து தாக்குதல் என்று இதற்கு எவரும் பொருள் கொள்ளவில்லை.

ஆற்றங்கரை:
இருவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஊர்ப்பெயரின் இறுதியில் ‘ஹாம்’ என்று கண்டவுடன் குடியிருப்பு என்று முடிவு கட்டக் கூடாது. குறிலும் இரட்டை மகரமும் கொண்ட ‘ஹம்ம்’ என்ற வேறொரு சொல், ஆற்று வளைவால் அல்லது சதுப்பால் சூழப்பட்ட நிலத்தைக் குறித்தது. தேம்ஸ் வளைவிலுள்ள ஃபுல்ஹாமும், ஏவன் ஆறு வளைந்தோடும் ஈவ்ஷாமும் அந்தச் சொல்லால் பெயர் பெற்றவை. காலப்போக்கில் இரண்டும் எழுத்தில் ஒன்றாகிவிட்டதால், பழைய ஆவண வடிவத்தையும் நிலத்தின் அமைப்பையும் சேர்த்துப் பார்க்காமல் எந்த ஊரையும் சான்றாக எடுக்க இயலாது.

ஏட்டுச்சுவடி:
அந்த எச்சரிக்கை சரியானது. ஆனால் நான் சொன்ன இரண்டு ஊர்களையும் அது தொடவில்லை. ‘ஹம்ம்’ கலந்த பெயர்களைக் கழித்த பிறகும், இங்கிலாந்தின் நடுப்பகுதியிலும் கிழக்கு ஆங்கிலியாவிலும் மிகப் பழைய குடியேற்றங்களைக் காட்டும் பெயர்களாகவே ‘ஹாம்’ பெயர்களை ஊர்ப்பெயர் ஆய்வாளர் பேரி காக்ஸ் 1970களில் இனங்கண்டார். அவை ரோமானியச் சாலைகளை ஒட்டி அமைவதை அவர் எடுத்துக்காட்டினார். ‘ஹாம்லெட்’ என்ற சொல்லும் என் பக்கமே நிற்கிறது. ஜெர்மானிய இனத்தவரான ஃபிராங்கியரிடமிருந்து பிரெஞ்சுக்குச் சென்று சிற்றூர் என்ற பொருளோடு ஆங்கிலத்துக்குத் திரும்பிய அதே வேர் அது. மணிமாலை காட்டும் வினையடை வழக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊருக்குத் திரும்புதல்தான் பிறகு வீட்டுக்குத் திரும்புதலாகக் குறுகியது என்று அதே வழக்குக்கு விளக்கம் தரலாம் அல்லவா?

மணிமாலை:
தரலாம், ஆனால் உறவுமொழிகள் அதற்கு இடம் தருவதில்லை. லித்துவேனியத்தில் ‘கைமஸ்’ என்றால் ஊர், ‘ஷைமா’ என்றால் குடும்பம். இரண்டும் இதே வேரின் வழிவந்தவை. ரஷ்ய மொழியில் குடும்பத்தைக் குறிக்கும் ‘செம்யா’வும் இக்குடியைச் சேர்ந்ததே. பழைய ஆங்கிலத்திலேயே ‘ஹீவன்’ என்பது ஒரு வீட்டாரைக் குறித்தது. அதோடு தொடர்புடைய ‘ஹைட்’ என்ற நில அளவையை, ஒரு குடும்பத்தின் நிலம் என்றே 8ஆம் நூற்றாண்டு ஆங்கில வரலாற்றாசிரியர் பீட் லத்தீனில் எழுதினார். படுத்தல், தங்குதல் என்னும் பொருளுள்ள மிகப் பழைய வேர் ஒன்று ஒரு கிளையில் மனிதர்களையும் மறு கிளையில் அவர்கள் தங்கிய நிலத்தையும் குறிக்கும்போது, நிலத்தை மட்டும் மூத்ததென்று கொள்ள எனக்குக் காரணம் தெரியவில்லை. பழைய ஆங்கிலக் கவிஞர் கைனெவுல்ஃப் தம் சாவை எண்ணிப் பாடுகையில், தாம் தனியே தேடிச் செல்ல வேண்டிய ‘நெடிய ஹாம்’ என்று அதைச் சொல்கிறார். அங்கே ஊர் என்று பொருள் கொண்டு அவ்வரியை நீங்கள் எப்படிப் படிப்பீர்கள் என்பதை அறிய விரும்புகிறேன்.