நிக்கோலஸ் ஷெங்க்: படமே எடுக்காதவருக்கு எம்.ஜி.எம். ஏன் அடங்கியது?

வினவியவர்: வாசுகி
ஹாலிவுட் பட நிறுவனமான எம்.ஜி.எம். என்றதும் நினைவுக்கு வருபவர் அதன் ஸ்டுடியோ தலைவர் லூயி பி. மேயர்தான். ஆனால் 1951இல் அந்த மேயரே விலக நேர்ந்ததற்குக் காரணம் நியூயார்க்கில் அமர்ந்திருந்த நிக்கோலஸ் ஷெங்க் என்று படித்தேன். அவருக்கு இவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது?

மறுமொழி: இளம்பரிதி
ரஷ்யாவில் பிறந்து சிறுவயதிலேயே நியூயார்க்கில் குடியேறிய நிக்கோலஸும் அவருடைய அண்ணன் ஜோசப்பும் மருந்துக்கடை நடத்தியவர்கள். பின்னர் மன்ஹாட்டனின் வடகோடியில் இருந்த ஃபோர்ட் ஜார்ஜ் கேளிக்கைப் பூங்காவில் பீர் விற்றவர்கள். அங்கேதான் திரையரங்கு அதிபர் மார்க்கஸ் லோவின் கண்ணில் பட்டார்கள். லோவின் ஆதரவுடன் ஹட்சன் ஆற்றுக்கு மறுகரையில் பாலிசேட்ஸ் பூங்காவை நடத்தியதோடு, அவருடைய நிறுவனத்திலும் சேர்ந்தார்கள். அண்ணன் பிற்பாடு படத்தயாரிப்புக்குப் போய் ட்வென்டியத் செஞ்சுரி நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரானார். தம்பி அரங்குகளோடு தங்கிவிட்டார்.

மறுமொழி: கோவை ரசிகர்
உங்கள் கேள்விக்கு விடை நிறுவன அமைப்பிலேயே இருக்கிறது. தம் அரங்குகளுக்குப் படம் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே லோ 1920இல் மெட்ரோ என்ற படத்தயாரிப்பு நிறுவனத்தை வாங்கினார். 1924இல் கோல்ட்வின், மேயர் நிறுவனங்களையும் அதனுடன் இணைத்தார். ஆக, எம்.ஜி.எம். என்பது லோவின் அரங்கு நிறுவனமான 'லோஸ்' நிறுவனத்தின் கிளை. மேயர் எத்தனை பெரிய நட்சத்திரங்களை ஆட்டிவைத்தாலும் சம்பளம் வாங்கும் அதிகாரிதான். 1927இல் லோ மறைந்ததும் தலைவரான ஷெங்க்கிடம் கல்லாப்பெட்டியின் சாவி இருந்தது. 1929இல் லோ குடும்பத்தின் பங்குகளை மேயருக்குத் தெரியாமலேயே போட்டிப் பட நிறுவன அதிபர் வில்லியம் ஃபாக்ஸுக்கு விற்க ஏற்பாடு செய்தார். அரசின் எதிர்ப்பும், ஃபாக்ஸுக்கு நேர்ந்த கார் விபத்தும், அக்டோபர் பங்குச்சந்தைச் சரிவும் சேர்ந்து, லோஸைத் தம் வசமாக்கும் ஃபாக்ஸின் திட்டத்தைக் குலைத்தன. ஷெங்க் செய்ததை மேயர் மறக்கவே இல்லை. 1951இல், எம்.ஜி.எம்.மின் தயாரிப்புத் தலைவரான டோர் ஷாரியா மேயரா என்ற நிலை வந்தபோது ஷெங்க் ஷாரியின் பக்கம் நின்றார், மேயர் விலகினார்.

மறுமொழி: செந்தூரன்
ஷெங்க்கை வெறும் சூழ்ச்சிக்காரராகப் பார்ப்பது சரியன்று. போட்டிப் பட நிறுவனமான பாரமவுண்ட் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரங்குகளை வாங்கிக் குவித்துக் கடனில் மூழ்கியது. லோஸ் பெரும்பாலும் நியூயார்க் வட்டாரத்தில் அளவாக வைத்திருந்ததால் 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தை லாபத்துடனேயே கடந்தது. ஆனால் அரங்கையும் தயாரிப்பையும் ஒரே கையில் வைத்திருக்கும் முறைக்கு எதிராக 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, காலத்துக்கேற்ப மாற அவர் தயங்கினார். லோஸின் அரங்குகளையும் தயாரிப்பையும் பிரிக்கும் வேலை 1959வரை இழுத்தது. அவரோ 1955இலேயே தலைமைப் பதவியை விட்டிருந்தார்.