மெட்ரிகுலேஷன்ல 4.0, புரோ தேர்வுல எப்படி? எந்த எண்ணை நம்பறது?

பெரட்டுக்களம்
மலேசியா, சுங்கை சிப்புட்ல இருந்து எழுதுறேன். தங்கச்சி மருத்துவம் மூணாவது வருஷம், புரோ தேர்வுக்கு (புரொஃபெஷனல், அடுத்த கட்டத்துக்குப் போக எழுதுற பெரிய தேர்வு) இன்னும் 14 வாரம். மெட்ரிகுலேஷன்ல (பல்கலைக்கழகத்துக்கு முந்தின படிப்பு) சிஜிபிஏ 4.0, அதாவது முழு மார்க், அதனால வீட்டுல "அவளுக்கென்ன, தேறிடுவா"ங்கிறாங்க. ஆனா பிளாக் தேர்வுல (ஒவ்வொரு பாடப்பகுதி முடிவுலயும் வைக்கிறது) ஒரு தடவை 55, அடுத்த தடவை 62. தினம் பத்து மணி நேரம் படிக்கிறா. பழைய ரிசல்ட், படிக்கிற நேரம், இப்ப வர்ற மார்க், இதுல எது உண்மையைச் சொல்லும்?

காண்டாவாளி
4.0-ஐ ஓரமா வைங்க. அந்த வகுப்புல எல்லாருமே அதுக்குப் பக்கத்துல எடுத்துட்டுத்தான் உள்ள வந்தாங்க. எல்லார்கிட்டயும் இருக்கிற ஒண்ணு யாரையும் பிரிச்சுக் காட்டாது. நுழைவு மார்க் முதல் ரெண்டு வருஷப் பாடத்தோட ஓரளவு ஒத்துப்போகும். வார்டு பக்கம் போகப் போக அது தளர்ந்துடும்.

பிளாக் தேர்வு அதைவிட நல்ல குறி. அதையும் விட நல்லது, புத்தகத்தை மூடி, மணி வச்சு, எல்லாப் பாடமும் கலந்து எழுதுற மாதிரித் தேர்வு. அதுவும் கடைசி நாலு வாரத்துல எழுதினதா இருக்கணும்.

55-க்கும் 62-க்கும் பெரிசா அர்த்தம் தேடாதீங்க. 100 கேள்வித் தாள்ல 60 எடுக்கக்கூடிய பிள்ளைக்கு, எந்தக் கேள்வி வந்து விழுதுங்கிறதால மட்டுமே 5 மார்க் ஏறலாம், இறங்கலாம். 40 கேள்வின்னா அது கிட்டத்தட்ட 8 சதவீதம். மூணு முழுத் தாளோட சராசரி தேர்ச்சிக் கோட்டுக்கு மேல 8, 10 மார்க் இருந்தா நிம்மதியா இருக்கலாம். கோட்டை ஒட்டி நின்னா அது ஆபத்துதான், ஒரு தாள்ல 65 வந்திருந்தாலும்.

ரப்பர்கொட்டை
பத்து மணி நேரம்ங்கிறது கணிப்புக்கு உதவாத எண். எப்படிப் படிக்கிறாங்கிறதைக் கேளுங்க. மஞ்சள் கோடு போட்டுத் திரும்பத் திரும்ப வாசிச்சா "தெரியும்"னு ஒரு மயக்கம் வரும், அவ்வளவுதான். 2006-ல ரோடிகர், கார்ப்பிக்ங்கிற ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் செஞ்ச சோதனையில, ஒரு பத்தியைத் திரும்ப வாசிச்சவங்க அஞ்சு நிமிஷம் கழிச்சு 81 சதவீதம் சொன்னாங்க, ஒருமுறை வாசிச்சுட்டுப் பார்க்காம எழுதிப் பார்த்தவங்க 75. ஒரு வாரம் கழிச்சு அப்படியே தலைகீழ்: 42, 56. உங்க தங்கச்சிக்கு வேண்டியது அஞ்சு நிமிஷ ஞாபகம் இல்லையே.

இன்னொண்ணு. அமெரிக்காவுல டாக்டர் உரிமத்துக்கு எழுதுற ஸ்டெப் 1 தேர்வு பத்தின பழைய ஆய்வெல்லாம் மூணு இலக்க ஸ்கோரைக் கணிக்கப் பார்த்தது. 2022 ஜனவரியில இருந்து அங்க தேர்ச்சி, தோல்வி மட்டும்தான். 'எவ்வளவு எடுப்பா' வேற கேள்வி, 'தேறுவாளா' வேற கேள்வி.

பெரட்டுக்களம்
சரிங்கண்ணே. கேள்வி போடுறா, ஒரு நாளைக்கு 80. ஆனா மார்க் ஏறலையே?

காண்டாவாளி
80 போட்டுட்டு விடையை மட்டும் பார்த்தா ஏறாது. 40 போதும், ஒரு மணி நேரத்துல. அப்புறம் ரெண்டு மணி நேரம் தப்பைப் பிரிக்கணும்: தெரியாதது, தெரிஞ்சும் குழம்பினது, கேள்வியைச் சரியா வாசிக்காதது.

உதாரணம் ஒண்ணு. தோட்டத் தொழிலாளி, மூணு நாள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. எந்தப் பரிசோதனை? லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக்காய்ச்சல்னு உடனே பிடிச்சுடுவா. பிடிச்சுட்டு, ரத்தத்துல எதிர்ப்பொருளைத் தேடுற 'மேட்' பரிசோதனையை விடையா எடுப்பா, ஏன்னா அதுதான் கோல்ட் ஸ்டாண்டர்டுன்னு மனப்பாடம். ஆனா மூணாவது நாள்ல எதிர்ப்பொருள் இன்னும் எழும்பியிருக்காது. கிருமி ரத்தத்துல இருக்கு, அதனால கிருமியோட மரபணுவைத் தேடுற பிசிஆர். தப்பு பாடத்துல இல்ல, 'மூணு நாள்'ங்கிற சொல்லைத் தாண்டிப் போனதுல. டெங்கியிலயும் இதே கண்ணிதான்: முதல் நாட்கள்ல வைரஸோட புரதத்தைத் தேடுற என்எஸ்1, அஞ்சாவது நாளுக்கு மேல எதிர்ப்பொருளைத் தேடுற ஐஜிஎம். இந்த மாதிரித் தப்புக்கு இன்னும் நாலு மணி நேரம் படிச்சாலும் மருந்து கிடையாது. முதல்ல கடைசி வரியை வாசிச்சுட்டு, கேள்விக்குள்ள இருக்கிற நாள், வயசு, கர்ப்பம் மூணுக்கும் வட்டம் போடச் சொல்லுங்க.

செம்பனைக்காடு
ஓஸ்கியை, அதாவது ஸ்டேஷன் ஸ்டேஷனா போய் ஆளைப் பரிசோதிச்சுக் காட்டுற செய்முறைத் தேர்வை, யாரும் பேசலையே. எழுத்துத் தாள் மார்க் அதை ரொம்ப லேசாத்தான் கணிக்கும். ஒரு ஸ்டேஷன்ல நல்லா செஞ்சவ அடுத்ததுலயும் செய்வான்னுகூடச் சொல்ல முடியாது. இதயத்தைப் பரிசோதிக்கத் தெரிஞ்ச கைக்கு முழங்கால் தெரியணும்னு இல்ல. அதனால ஒரே பரிசோதனையைப் பத்து தடவை மெருகேத்தாம, பத்து விதமானதை ஆள் வச்சு, பெல் அடிச்சுச் செய்யட்டும். ரெண்டு பகுதியும் தனித்தனியா தேறணுமான்னு கல்லூரி விதிப் புத்தகத்துல இன்னைக்கே பாருங்க. தேறணும்னா 14 வாரத்தைப் பங்கு போடற கணக்கே மாறிடும்.